ரிசல்ட் சீக்கிரம் வர வேண்டுமா, சரியாக வர வேண்டுமா?

ஜூன் 3, காலை

வாசகர் ஒருவர் கேட்டது: "ஒரு நொடியில் பணம் கண்டம் விட்டுக் கண்டம் போகிறது. வாக்குகளை எண்ணிச் சொல்ல மட்டும் ஏன் நாள் கணக்கில் ஆகிறது? இழுக்க இழுக்கத்தான் தில்லுமுல்லுக்கு இடம். சீக்கிரம் எண்ணிச் சொல்வதுதான் நேர்மை."

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பணம் அனுப்பினால் அனுப்பியவர் பெயர் இருக்கும், வாங்கியவர் பெயர் இருக்கும், ரசீது இருக்கும். தப்பான கணக்குக்குப் போய்விட்டால் நாளைக்கே போய்ச் சண்டை போடலாம். வாக்கில் பெயர் கிடையாது, இருக்கவும் கூடாது. பெட்டிக்குள் விழுந்த பிறகு எந்தச் சீட்டு தன்னுடையது என்று போட்டவராலேயே காட்ட முடியாது. ஒரு வாரம் கழித்து "என் வாக்கைக் காணோம்" என்று யாரும் வந்து நிற்க மாட்டார்கள். அதனால் எண்ணுவதில் பிழை நேர்ந்தால் அது பிடிபடுகிற இடம் எண்ணும் மேஜைதான். அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு "சீக்கிரம், சீக்கிரம்" என்றால் என்ன ஆகும்?

ஜூன் 3, இரவு

என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் 2000 நவம்பர் 7 இரவு. அமெரிக்க அதிபர் தேர்தல், புளோரிடா மாநிலம், அல் கோர், ஜார்ஜ் புஷ் இருவருக்கும் போட்டி.

அந்த மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் வாக்குப்பதிவு முடிவதற்குச் சில நிமிடங்கள் முன்பே தொலைக்காட்சிகள் "கோர் ஜெயித்தார்" என்று சொல்லிவிட்டன. அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடும் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. இரவு பத்து மணி வாக்கில் அதைத் திரும்பப் பெற்றார்கள். விடியற்காலை இரண்டே காலுக்கு "புஷ் ஜெயித்தார்". நாலு மணி வாக்கில் அதுவும் வாபஸ். நடுவில் கோர் புஷ்ஷுக்குப் போன் போட்டு வாழ்த்துச் சொல்லி, பிறகு இன்னொரு போன் போட்டு வாழ்த்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அந்த இரண்டேகால் மணி அறிவிப்புக்கு ஒரு காரணம் வொலூசியா மாவட்டம். சில நூறு வாக்காளர்களே இருந்த ஒரு வாக்குச்சாவடியிலிருந்து வந்த கணக்கில் கோருக்கு மைனஸ் 16,022 வாக்குகள். எண்ணும் இயந்திரத்தின் நினைவக அட்டையில் வந்த கோளாறு. யாராவது அந்த எண்ணை ஒரு முறை நிதானமாகப் பார்த்திருந்தால் போதும். வாக்கு குறைவாக விழலாம், பூஜ்யம் விழலாம், கழித்தலில் எப்படி விழும்? பார்த்து, திருத்தவும் செய்தார்கள். ஆனால் அதற்குள் அது மாநில மொத்தத்தில் சேர்ந்து திரைக்கு வந்துவிட்டது.

கடைசியில் அறிவித்த வித்தியாசம் 537. ஏறக்குறைய 60 லட்சம் வாக்குகளில் 537. மறு எண்ணிக்கையை டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. உண்மையில் யார் ஜெயித்தார் என்று இன்னும் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜூன் 4

1948 அமெரிக்க அதிபர் தேர்தலை ஒருவர் ஞாபகப்படுத்தியிருக்கிறார். சிகாகோ டெய்லி ட்ரிப்யூன் "ட்ரூமனை வீழ்த்தினார் டியூயி" என்று தலைப்புப் போட்டு அச்சடித்துவிட்டது, ஜெயித்தவர் ட்ரூமன். அச்சுத் தொழிலாளர் வேலை நிறுத்தத்தால் வழக்கத்தைவிட முன்னாடியே பதிப்பை முடிக்க வேண்டியிருந்தது, அந்த நெருக்கடியில் நடந்தது. ட்ரூமன் அந்தப் பத்திரிகையைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிற படம் எல்லோரும் பார்த்ததுதான்.

ஆனால் அது பத்திரிகையின் அவசரம். எண்ணியவர்கள் அவர்கள் பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தார்கள், அதனால் நாட்டுக்குச் சேதமில்லை. எண்ணுகிறவர்களையே அந்த அவசரம் தொற்றிக்கொள்வதுதான் என் கவலை.

ஜூன் 4, இரவு

"மேஜையில் உட்கார்ந்த அனுபவம் உண்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். உண்டு. நான் வேலை பார்த்த இடத்துத் தொழிற்சங்கத் தேர்தல்களில் பல முறை எண்ணியிருக்கிறேன். காகிதச் சீட்டு, முத்திரை குத்துகிற முறை. சின்னத் தேர்தல்தான், ஆனால் ஆத்திரத்துக்குக் குறைவிருக்காது.

பெட்டியைக் கொட்டியதும் யாருக்கு எத்தனை என்று பார்க்க ஆரம்பிக்கக் கூடாது. முதலில் மொத்தச் சீட்டு எத்தனை என்று மட்டும் எண்ண வேண்டும். கொடுத்த சீட்டும் பெட்டியில் இருந்த சீட்டும் நேராகிறதா என்று பார்த்த பிறகுதான் பிரிப்பது. பிரித்ததை ஐம்பது ஐம்பதாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுவோம். ஒருவர் கட்டியதை இன்னொருவர் அவிழ்த்து எண்ணுவார். வெளியில் நிற்கிறவர்களுக்கு இந்த இரண்டாவது எண்ணிக்கைதான் எரிச்சல். "அதான் எண்ணியாச்சே, அப்புறம் என்ன?" என்று ஜன்னல் வழியாகச் சத்தம் வரும்.

ஒரு தடவை மொத்தத்தில் ஒன்று குறைந்தது. தலைவர் பதவிக்கு இழுபறி. எங்களில் ஒருவர், "யாராவது சீட்டை வாங்கிப் பெட்டியில் போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போயிருப்பார்கள், விடுங்கள்" என்றார். நடக்கக்கூடியதுதான். ஆனால் எங்கள் மேஜைத் தலைவி ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாக் கட்டையும் அவிழ்க்கச் சொன்னார். மூன்றாவது கட்டில், நாலாக மடித்த ஒரு சீட்டின் மடிப்புக்குள் இன்னொரு சீட்டு நுழைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்து ஒரே சீட்டாக ஒருவர் பக்கம் கணக்கில் போயிருந்தன, உள்ளே இருந்தது எதிராளியுடையது. இரண்டு தரப்பு முகவர்களும் கூட நின்று பார்த்தார்கள். அதன் பிறகும் அந்த எதிராளி தோற்றார். தோற்றவர் மறு பேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார், ஏனென்றால் தன் ஒரு வாக்குக்காக அத்தனை கட்டையும் அவிழ்த்ததை அவர் ஆள் பார்த்திருக்கிறார்.

இன்னொன்று, மை. முத்திரை காயும் முன் சீட்டை மடித்தால் மறுபாதியில் மங்கலாக ஒரு நிழல் பதியும். அவசரமாகப் பார்க்கிறவருக்கு இரண்டு பேருக்குக் குத்தியது போலத் தெரியும். செல்லாத வாக்கு என்று தூக்கிப் போட்டுவிடுவார். மடிப்புக் கோட்டில் மறுபடி மடித்துப் பார்த்தால் ஒன்று மற்றொன்றின் மேல் அப்படியே உட்காரும், முத்திரை திருப்பிப் போட்ட மாதிரி இருக்கும். அப்படியானால் அது நல்ல வாக்கு. இதற்கு ஒரு சீட்டுக்கு அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தைத்தான் "வேகமாக எண்ணு" என்கிறவர்கள் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

ஜூன் 5

சந்தேக வாக்குகளைப் பற்றி எழுதியதும் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் ஞாபகம் வந்தது. 2008 செனட் தேர்தல், கோல்மன், ஃபிராங்கன் இருவருக்கும் போட்டி. முதலில் கோல்மன் 215 வாக்கு முன்னிலை. 29 லட்சம் சீட்டையும் கையால் மறுபடி எண்ணினார்கள். தகராறான சீட்டுகளின் படங்களைப் பொதுமக்களும் பார்க்க முடிந்தது. ஒருவர் ஃபிராங்கனுக்கு வட்டத்தை நிரப்பிவிட்டு, கீழே காலியிடத்தில் "பல்லி மனிதர்கள்" என்று எழுதி அதற்கும் வட்டத்தை நிரப்பியிருந்தார். அந்த ஒரு சீட்டைப் பற்றிக்கூட, முடிவைச் சரிபார்க்கும் வாரியம் உட்கார்ந்து வாதம் கேட்டது. செல்லாது என்று முடிவானது. கடைசியில் ஃபிராங்கன் 312 வாக்கில் ஜெயித்ததாகத் தீர்ப்பாகி, 2009 ஜூலையில் பதவியேற்றார். ஆறு மாதம் அந்த நாற்காலி காலி. அது சின்ன விலை இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

ஜூன் 7

நல்ல மறுப்பு ஒன்று வந்திருக்கிறது. "பிரிட்டனில் சண்டர்லாந்து தெற்குத் தொகுதியில் 2001-இல் வாக்குப்பதிவு முடிந்து 43 நிமிடத்தில் முடிவைச் சொன்னார்கள். காகிதச் சீட்டுதான், கையால்தான் எண்ணினார்கள். அது தப்பா?"

தப்பில்லை. இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அங்கே பெட்டிகளை ஓடி ஓடிக் கைமாற்ற இளைஞர்களை நிறுத்துவார்கள், எண்ணுவதற்குப் பழகியவர்களை உட்கார வைப்பார்கள். ஒரே ஒரு பதவிக்கு ஒரே ஒரு சீட்டு. வித்தியாசமும் பல ஆயிரம். ஆக, வேகமே கெட்டது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வேகத்தை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. ஆட்களைக் கூட்டி, பயிற்சி கொடுத்து, மேஜையைக் கூட்டி எடுத்தால் நல்ல வேகம். இரண்டாவது எண்ணிக்கையை வெட்டி எடுத்தால் கெட்ட வேகம்.

அதே பிரிட்டனில் வின்செஸ்டர் தொகுதி, 1997. ஓட்டன் 2 வாக்கில் ஜெயித்தார். அதிகாரப்பூர்வ முத்திரைக் குறி இல்லாமல் வாக்குச்சாவடியில் கொடுக்கப்பட்ட 55 சீட்டுகள் தள்ளுபடியாகியிருந்தன, அவை முடிவை மாற்றியிருக்கும் என்று நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது. மறு தேர்தலில் அதே ஓட்டன் 21,556 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். சீட்டைக் கொடுக்கும்போது விட்ட குறை அது. எண்ணுகிற மேஜையில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் சரி செய்திருக்க முடியாது.

ஜூன் 7, சற்று நேரம் கழித்து

நல்ல வேகத்துக்கு இன்னொரு உதாரணம் விட்டுப்போனது. 2020 அமெரிக்க அதிபர் தேர்தலில் பென்சில்வேனியா மாநிலத்தில் தபால் வாக்கு உறைகளைத் தேர்தல் நாள் காலை ஏழு மணிக்கு முன்னால் தொடவே சட்டம் அனுமதிக்கவில்லை. லட்சக்கணக்கான உறைகளைப் பிரித்து, கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்து, நீவி நேராக்கி, அப்புறம் எண்ண வேண்டும். நாட்கள் ஆகின. அந்த நாட்களில் கிளம்பிய வதந்திகளைச் சொல்லவே வேண்டாம். புளோரிடாவில் உறைகளை முன்கூட்டியே சரிபார்த்து வைக்கச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. அன்றிரவே முடிவு வந்தது. ஆக 2000-இல் பட்ட மாநிலம் பாடம் படித்துக்கொண்டது. எண்ணுகிறவர்களைத் திட்டுவதற்கு முன் சட்டத்தை எழுதியவர்களைக் கேட்கலாம்.

ஜூன் 9

ஆஸ்திரியாவை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2016 மே 22, அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்று. வாக்குச்சாவடிச் சீட்டுகளில் ஹோஃபர் முன்னிலை. திங்கட்கிழமை தபால் வாக்குகளை எண்ணியதும் வான் டெர் பெல்லன் 30,863 வாக்கில் ஜெயித்தார். தோற்ற தரப்பு அரசியல் சட்ட நீதிமன்றத்துக்குப் போனது. விசாரணையில் தெரிய வந்தது இதுதான்: பல மாவட்டங்களில் தபால் உறைகளைத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, குழுவினர் எல்லோர் முன்னிலையிலும் திறக்க வேண்டும் என்ற விதி இருக்க, முன்கூட்டியே திறந்துவிட்டார்கள், சில இடங்களில் திறக்க அதிகாரமே இல்லாதவர்கள் திறந்தார்கள். வாக்குப்பதிவு முடியும் முன்பே பகுதி முடிவுகளை ஊடகங்களுக்குக் கொடுக்கும் பழக்கமும் இருந்தது.

யாரும் வாக்கைத் திருடியதாக நிரூபணம் ஆகவில்லை. ஆனால் விதி மீறிக் கையாளப்பட்ட வாக்குகள் வெற்றி வித்தியாசத்தைவிட அதிகம். ஜூலை 1 அன்று நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. மறு தேர்தல் அக்டோபரில் என்றார்கள். அப்போது தபால் உறைகளின் பசை ஒட்டாமல் பிரிந்துகொண்டது, அதனால் டிசம்பர் 4-க்குத் தள்ளிப்போட்டார்கள். பசைக்காகவா என்று சிலர் சிரித்தார்கள். பிரிந்த உறைக்குள் இருக்கும் சீட்டு மாற்றப்படவில்லை என்று யார் சத்தியம் செய்வது? நான் அங்கே இருந்திருந்தாலும் தள்ளித்தான் போட்டிருப்பேன். டிசம்பரில் அதே வான் டெர் பெல்லன் இன்னும் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார்.

திங்கட்கிழமை சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று உறையைப் பிரித்த சில பேரால் ஒரு நாடு ஆறு மாதத்துக்கும் மேல் காத்திருந்தது.

ஜூன் 10

"ஒன்றிரண்டு வாக்கு முன்னே பின்னே போனால் என்ன குடி முழுகிவிடும்?" என்பவருக்கு:

நாத்துவாரா, ராஜஸ்தான், 2008. சி.பி. ஜோஷி 62,215, கல்யாண் சிங் சௌஹான் 62,216.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலச் சட்டசபையின் 94-ஆவது தொகுதி, 2017. முதல் எண்ணிக்கையில் யான்சி 10 வாக்கு முன்னிலை. மறு எண்ணிக்கையில் சைமண்ட்ஸ் ஒரு வாக்கு முன்னிலை. ஒரே ஒரு சீட்டைச் செல்லும் என்று நீதிமன்றம் சேர்த்ததும் 11,608-க்கு 11,608. பீங்கான் கிண்ணத்தில் இரண்டு பெயரைப் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். யான்சி பெயர் வந்தது. அதனால் சபையே 51-க்கு 49 என்று ஒரு கட்சி கைக்குப் போனது.

ஜூன் 12

இயந்திரம் இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். பெல்ஜியத்தின் ஸ்கார்பேக், 2003 மே. ஒரு வேட்பாளருக்கு அவர் வாங்கியிருக்கவே முடியாத அளவு விருப்ப வாக்குகள் (கட்சிப் பட்டியலில் ஒருவரைக் குறிப்பிட்டுப் போடுகிற வாக்குகள்) காட்டியது கணினி. தோண்டிப் பார்த்ததில் சரியாக 4,096 வாக்கு அதிகம். இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வருகிற எண். நினைவகத்தில் ஒரே ஒரு பிட், பூஜ்யம் ஒன்றாகப் புரண்டிருக்கிறது. எண் அபத்தமாகத் தெரிந்ததால் பிடிபட்டது. அதே கோளாறு 64 வாக்கு அளவில் வந்திருந்தால் யார் கண்ணில் பட்டிருக்கும்?

ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் 2009 மார்ச்சில், அங்கே 2005 தேர்தலில் பயன்படுத்திய இயந்திரங்கள் சட்டப்படி செல்லாது என்றது. தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரணக் குடிமகனும் எண்ணிக்கையைச் சரிபார்க்க வழி இருக்க வேண்டும் என்பது காரணம். எனக்கு இதில் முழு உடன்பாடு. இயந்திரம் எண்ணட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. பக்கத்தில் காகிதம் இருக்க வேண்டும், அதைக் கொஞ்சமாவது எடுத்துக் கையால் எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2020-இல் சுமார் 50 லட்சம் சீட்டையும் கையால் எண்ணியபோது, ஃபிலாய்ட் மாவட்டத்தில் எண்ணாமல் விட்ட இரண்டாயிரத்து சொச்சம் சீட்டுகள் வெளியே வந்தன. முடிவு மாறவில்லை. ஆனால் அத்தனை பேர் வாக்கு கணக்குக்கு வந்தது.

ஜூன் 14

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "தாமதம் சந்தேகத்தைக் கிளப்புகிறதே, அதற்குப் பதில் சொல்லவில்லையே" என்கிறார். நியாயம். அவருக்குச் சாதகமான உதாரணத்தை நானே தருகிறேன். பொலிவியா, 2019 அக்டோபர் 20, அதிபர் தேர்தல். அன்றிரவு அதிகாரப்பூர்வமற்ற விரைவு எண்ணிக்கை சுமார் 84 சதவீதத்தில் திடீரென நின்றது. ஏறக்குறைய ஒரு நாள் அமைதி. மறுபடி ஆரம்பித்தபோது அதிபர் மொராலஸின் முன்னிலை, இரண்டாம் சுற்று தேவைப்படாத பத்து சதவீதத்தைத் தொட்டிருந்தது. தெருவில் தீ. நவம்பர் 10 அன்று அவர் பதவி விலகினார். கடைசியாக எண்ணிய பகுதிகள் இயல்பாகவே அவர் பக்கம் சாய்ந்தவை என்று பின்னால் ஆய்வாளர்கள் பலர் எழுதினார்கள். அப்போது யார் கேட்கப் போகிறார்கள்?

ஆனால் அங்கே நெருப்பு வைத்தது தாமதமா? கென்யாவைப் பாருங்கள். 2017-இல் மூன்று நாளில் முடிவைச் சொன்னார்கள். வாக்குச்சாவடிப் படிவங்களைச் சரியாகக் காட்ட முடியாததால் செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதிபர் தேர்தலை ரத்து செய்தது. 2022-இல் ஆறு நாள் ஆனது. ஆனால் 46,000-க்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகளின் கையெழுத்திட்ட படிவங்களைப் படம் பிடித்து, வர வர இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டார்கள். யார் வேண்டுமானாலும் கூட்டிப் பார்க்கலாம். ஆணையத்தின் ஏழு உறுப்பினர்களில் நால்வரே முடிவை ஏற்கவில்லை, வழக்கும் போனது; இந்த முறை நீதிமன்றம் முடிவை உறுதி செய்தது. ஆறு நாள் தாங்கியது. பொலிவியாவில் ஒரு நாள் தாங்கவில்லை, ஏனென்றால் அந்த ஒரு நாள் முழுக்கக் கதவு சாத்தியிருந்தது.

எனவே முன்பு எழுதியதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். மெதுவாக எண்ணுகிறவர், எங்கே நிற்கிறது, இன்னும் எத்தனை பாக்கி, ஏன் பாக்கி என்று மணிக்கொரு தரம் சொல்லியாக வேண்டும். வாய் மூடிக்கொண்டு மெதுவாக எண்ண அவருக்கு உரிமை கிடையாது.

ஜூன் 15

எண்ணுகிறவர்களின் உடம்பைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்தோனேசியாவில் 2019 ஏப்ரலில் அதிபர் முதல் உள்ளூர் மன்றம் வரை ஒரே நாளில் தேர்தல், பலருக்கு ஐந்து சீட்டு. வாக்குச்சாவடியிலேயே எண்ணி முடித்துவிட்டுத்தான் எழ வேண்டும். விடிய விடிய எண்ணினார்கள். அந்தத் தேர்தலில் பணி செய்தவர்களில் 894 பேர் இறந்ததாக ஆணையமே கணக்குச் சொன்னது; களைப்பு பெரிய காரணமாகச் சொல்லப்பட்டது.

நடுராத்திரிக்கு மேல் ஐம்பது கட்டுகிற கை நாற்பத்தெட்டு கட்டும். நான் பார்த்திருக்கிறேன். ஆள் மாற்றிவிடுங்கள், அல்லது பெட்டியைச் சீல் வைத்து எல்லாத் தரப்பு ஆட்களையும் காவல் வைத்துவிட்டுக் காலையில் தொடருங்கள்.

ஜூன் 19

"சரியாக எண்ண வேண்டும் என்றால் கோர்ட் இருக்கிறதே, முதலில் அறிவித்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாமே" என்பது புதுக் கேள்வி.

ராதாபுரம், 2016 சட்டமன்றத் தேர்தல். இன்பதுரை, அப்பாவு இருவருக்கும் வித்தியாசம் 49 வாக்கு. சான்றொப்பம் இட்டவர் தகுதியானவரா என்ற சிக்கலில் 203 தபால் வாக்குகள் தள்ளுபடி. வழக்கு. 2019 அக்டோபரில்தான் அந்தத் தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எண்ணவும் எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2021-இல் சட்டமன்றத்தின் காலமே முடிந்து அடுத்த தேர்தல் வந்துவிட்டது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் இதுதான் அப்புறம்.

அதனால் இந்தியாவில் முகவராக உட்காரப் போகிறவர்கள் 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் 63-ஆம் விதியை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள். மொத்த வாக்குகளைத் தேர்தல் அதிகாரி வாசித்த பிறகு, முடிவுத் தாளில் கையெழுத்துப் போடும் முன், ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. மறு எண்ணிக்கை கேட்பதென்றால் அப்போதுதான், காரணத்தோடு எழுத்தில் கொடுக்க வேண்டும். அதற்கு நியாயமான அவகாசம் தராமல் அவர் மேலே போகக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. கையெழுத்து விழுந்துவிட்டால் 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடுவதுதான் வழி. வெளியே மேளம் அடிக்க ஆரம்பித்திருப்பார்கள், செய்தியாளர்கள் வாசலில் நிற்பார்கள், எல்லோரும் "முடிந்தது, முடிந்தது" என்பார்கள். ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் கையிலேயே வைத்திருங்கள். சுற்று வாரியாக நீங்கள் குறித்த எண்களை அந்த மொத்தத்தோடு கூட்டிப் பார்த்து முடிக்கும் வரை, அவகாசம் வேண்டும் என்று வாய் திறந்து கேளுங்கள்.